வலப்பக்கப் புலி

அத்தியாயம் 14

மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் சரித்து, மகன் முகத்தில் தெளித்தாள் ராஜாமணி.

"கண்ணத் தொறடா. மூடிக்கினா எப்படி உள்ள போவும்?"

"எம்மா, நான் இன்னா கைக்கொழந்தயா? ரேஸ் அடுத்த ஞாயித்துக்கெழம. இன்னிக்கே அபிஷேகம் பண்ற?" என்றான் கலைவேந்தன்.

"மாதா தண்ணி. பட்டா ஒண்ணும் கொறஞ்சி போயிட மாட்ட."

ஒதியம்பட்டில் இருக்கும் அந்த வீட்டின் சுவரில் முருகனும் அங்காளம்மனும்தான் தொங்குகிறார்கள். ஆனால் வில்லியனூர் மாதா குளத்துக்குப் போக அந்தப் பக்கத்தில் யாரும் மதம் பார்ப்பதில்லை. சில மாதங்களாகச் சனிக்கிழமை தவறாமல் ராஜாமணி போய் வருகிறாள். மகன் கார் ரேஸ் ஓட்டுகிறான், தாய்க்கு வேண்டுதல் இருக்காதா என்று மகள் வைஜெயந்தியும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கலைவேந்தன் சாப்பிட உட்கார்ந்தான். ராஜாமணி இட்லித் தட்டோடு, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கி நுழைந்து, அவனுக்கு இடப்பக்கம் போய்க் குனிந்தாள். தண்ணீர்ச் சொம்பையும் அந்தப் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"இந்தப் பக்கம் இவ்ளோ எடம் கீது. அங்க போயி ஏம்மா நசுங்கற?" என்றாள் வைஜெயந்தி.

"எனக்கு அதாண்டி தோது."

வைஜெயந்தி தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

இந்த அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கடற்கரைச் சாலையில் சின்னக் கார் ஓட்டி விளையாடும் இடமொன்றில் டயர் மாற்றும் வேலைக்குப் போனவன் கலைவேந்தன். ஆள் இல்லாத ஒரு மதியம் அவன் ஓட்டியதை ரேஸ் டீம் முதலாளி ஒருவர் பார்த்தார். அதிலிருந்து கிடுகிடுவென்று மேலே வந்து, இன்று இருபது வயதில், சாம்பியன் பட்டத்துக்கு ஒரே ஒரு ரேஸ் தூரத்தில் நிற்கிறான். ஆனால் அவனுடைய வலது கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது. அக்காள்தான் அவனைப் பாண்டிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வேகமாக வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தவேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டான் தம்பி.

அதற்குப் பிறகுதான் அந்த விபத்து. போன ரேஸில் ஒரு வலது வளைவில் பொள்ளாச்சிப் பையன் குணாவின் கார் வலப்பக்கம் நுழைந்தது. கலைவேந்தன் அதைப் பார்க்காமல் திருப்பினான். சக்கரத்தோடு சக்கரம் உரசி, குணாவின் கார் சுழன்று போய் டயர்ச் சுவரில் மோதியது. குணாவுக்கு மணிக்கட்டில் லேசான அடி. "திடீர்னு வந்து இடிச்சுட்டான்" என்று நடுவர்களிடம் சொன்னான் கலைவேந்தன். அடுத்த ரேஸில் ஓட்டக் கூடாது என்று குணாவுக்குத் தடை விதித்தார்கள்.

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தவனைக் கொல்லைப்பக்கம் மடக்கினாள் வைஜெயந்தி.

"இன்னிக்காவது சொல்லுவியா?"

"சீசன் முடியட்டும்க்கா. சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் வச்சிக்க."

அவ்வளவுதான். மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

வைஜெயந்தி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் லைனில் நிற்கிறாள். வாரம் முழுக்க ஷிப்டு. ஞாயிறு ஒன்றுதான் அவளுடையது. வில்லியனூர் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிப் பைக்குள் போட்டு ஸ்கூட்டியைத் திருப்பும்போது, டீக்கடை ராஜேஷ் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

"யக்கா! வாக்கா, டீ சாப்ட்டுப் போ. உன் தம்பியத் தான் அலசிக்கினு கீறோம்."

அலசல் என்றால் சாதாரண அலசல் இல்லை. கடை டிவியில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் தேவேந்திரன். செல்போன் கடை வைத்திருப்பவன். 'வேந்தன் ரேஸ் ரசிகர் மன்றம்' அவன் ஆரம்பித்தது. எதிர் பெஞ்சில், பாகூர் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டும் பச்சையப்பன் கிளாசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒதியம்பட்டில் பிறந்தவர்தான், ஆனால் மன்றத்தில் சேராதவர்.

"வண்டி நல்ல வண்டி. அத்த முதல்ல ஒத்துக்கோ. அந்த வண்டியில என்ன ஒக்கார வச்சா நானும் நாலாவதா வருவன்" என்றார் பச்சையப்பன்.

"நீ நாலாவதா வருவ. நாலு நாள் கழிச்சி" என்றான் ராஜேஷ்.

கடை சிரித்தது.

"அண்ணே, அதே டீமுல அதே வண்டி இன்னொரு பையனுக்கும் குடுத்துக்கீறாங்க. அவன் எங்க வரான்? கடைசிக்கு முன்னாடி. அப்ப வண்டியா, ஆளா? சொல்லு" என்றான் தேவேந்திரன்.

"அவன் தெண்டம். தெண்டத்தோட ஒப்பிட்டா எல்லாரும் ராசா தான்."

"மழ ரேஸ் பாத்தியா நீ? முன்னாடி போற வண்டி அடிக்கிற தண்ணியில ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல. எல்லாவனும் தடவிக்கினு போறான். நம்மாளு மட்டும் காஞ்ச ரோட்டுல போறமாரி போறான். அதுக்குப் பேரு இன்னாண்ணே?"

வைஜெயந்தி டீ கிளாசுக்குள் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் கண் மறைந்த நாளில் மட்டும் தன் தம்பி மற்றவர்களுக்குச் சமமாக இருந்தான், அதனால்தான் ஜெயித்தான் என்பது அந்தக் கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அத்த ஒத்துக்கறன். மழயில ஓட்டனது ஓட்டு. அதுல நான் வாய் தொறக்கல" என்று கடைசியில் இறங்கி வந்தார் பச்சையப்பன். "ஆனா ஒண்ணு. நீ சேத்து வச்சிருக்கியே, ஓவர்டேக்கு வீடியோ, அத்தப் போடு."

தேவேந்திரன் உற்சாகமாகப் போட்டான். இந்த சீசனில் கலைவேந்தன் மற்றவர்களை முந்திய இடங்களையெல்லாம் வெட்டி ஒட்டியிருந்தான். ஒவ்வொரு தடவையும் கார் வலப்பக்கம் பாய்ந்து முந்தியது.

"பாத்தியா? எல்லாமே வலப்பக்கம். ஒருத்தன் இடப்பக்கம் கதவத் தொறந்து வச்சிக்கினு வா வான்றான், நம்மாளு மதிக்கல. வலப்பக்கம் தான் போவன்றான். இதான்யா ஸ்டைலு! பேரே வச்சாச்சி. வலப்பக்கப் புலி! பேனர் வந்துடுச்சிக்கா. சாயந்தரம் தேரடியில தொறக்கறோம், வேந்தன கூட்டினு வந்துடு."

பச்சையப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்டைலுன்ற. எனக்கு வேற மாரி படுது. பக்கத்துல வர வண்டிய எப்பவும் தன் இடது கைப்பக்கமே வச்சிக்கிறான். வலப்பக்கம் ஒருத்தன் வந்தா ஹெல்மெட்டு மொத்தமா திரும்புது பாரு. டிரைவருக்கு முதல்ல கண்ணு தான் திரும்பும். தல அப்பால தான்."

"கெத்துண்ணே அது! பக்கத்துல வரவன மொறைக்கிறான்" என்றான் தேவேந்திரன்.

"அந்தக் குணாவ மொறச்சிருந்தா அந்தப் புள்ள சுத்தியிருக்க மாட்டான்."

"அவன் இடிக்கத் தான் வந்தான். மன்றத்துல நாங்க ஆளாளுக்கு அவன் பேஜுல போயி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டோம். ரெண்டு நாளா பேஜே இல்ல. ஓடிட்டான்."

வைஜெயந்தி கிளாசை வைத்துவிட்டு எழுந்தாள். பச்சையப்பன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது கலைவேந்தன் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். சோற்றுக் குண்டான் மூடியை ஸ்டியரிங் போலப் பிடித்திருந்தான். உதடு எதையோ முணுமுணுத்தது. மூடி இப்படியும் அப்படியும் திரும்பியது. ரேஸுக்கு முந்தின வாரம் முழுக்க டிராக்கை இப்படித்தான் மனசுக்குள் சுற்றிச் சுற்றி வருவான்.

"வேந்தா."

"இரு அக்கா. கடைசி வளைவு."

வளைவு முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"பச்சையப்பன் அண்ணன் கண்டுபுடிச்சிட்டாரு" என்றாள்.

மூடி மடியில் இறங்கியது. "இன்னா சொன்னாரு?"

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"எல்லாரும் நம்பிட்டானுங்களா?"

"எங்க? அது உன் ஸ்டைலாம். உனக்குப் பேரு வச்சி பேனர் அடிச்சிட்டானுங்க. வலப்பக்கப் புலி."

கலைவேந்தன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"இந்த ஒரு ரேஸ்க்கா. இதுல ஜெயிச்சா அடுத்த வருசம் பெரிய டீமு. இத்தினி வருசம் டயர் தூக்கினதுக்கு ஒரே ஒரு கப்பு. அப்பால நானே போயி சொல்லிடறன்."

"அதுக்குள்ள இன்னொருத்தன் வலப்பக்கம் வந்தா?"

"வலப்பக்கம் டிராக் ஓரம் எங்க கீது, கல்லு எங்க கீது, எல்லாம் எனக்கு மனப்பாடம். டிராக் நகராதுக்கா."

"குணா நகந்தானே?"

அவன் மடியிலிருந்த மூடியைச் சுரண்டினான். கீழே ராஜாமணி மீன் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் பொய் சொல்லல" என்றான். "நெசமாவே அவன் வந்தத நான் பாக்கல. திடீர்னு தான் இடிச்சிது. அதத் தான் சொன்னன்."

"ஏன் பாக்கலன்னு சொன்னியா?"

குண்டான் மூடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள் வைஜெயந்தி. சத்தியம் என்று ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் அந்த நிமிஷமே அம்மாவிடம் கொட்டியிருப்பாள். ஆனால் அம்மாவின் தலை. அவளுக்கு வேலைக்கு வேறு கம்பெனி கிடைக்கும், வேறு ஊர் கிடைக்கும். அம்மாவுக்கு வேறு தலை கிடைக்குமா? அப்படித்தான் அவளுடைய மனசு ஓடியது. நம் வீடுகளில் அப்படித்தான் ஓடும்.

சாயந்தரம் பைக்குகளின் ஹாரன் தெருவை அடைத்தது. மன்றத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். ராஜாமணி புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நானும் வரன்."

"நீ எதுக்கும்மா?" என்றான் மகன்.

"எம்புள்ளைக்கு பேனர் வைக்கிறாங்க, நான் வரக் கூடாதா?"

வில்லியனூர் தேரடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. பட்டாசு வெடித்தது. தேவேந்திரன் செல்போனை ஒரு குச்சியில் மாட்டி லைவ் ஆரம்பித்தான். "அண்ணன் வந்தாச்சி, பாத்துக்கினே இருங்க. டீம் முதலாளிக்கும் லிங்க் அனுப்பிக்கீறன்!"

துணியை இழுத்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கலைவேந்தன் நின்றான். பக்கத்தில் ஒரு புலி. மேலே கொட்டை எழுத்தில்:

வலப்பக்கப் புலியே! வருக! வெல்க!

கீழே, சிவப்பில்:

இடித்தவன் வெளியே! எங்கள் இடி உள்ளே!

கலைவேந்தன் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னாடை போர்த்தப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று பச்சையப்பனை வம்புக்கு இழுத்து மேடையில் ஏற்றியிருந்தான் ராஜேஷ். அவரும் வந்தார். கலைவேந்தனுக்கு வலப்பக்கம் வந்து நின்றார். பொன்னாடையை விரித்து இரண்டு கையிலும் நீட்டினார். வேண்டுமென்றே அந்தப் பக்கம் நின்றாரா, தற்செயலா என்பது அவருக்கே வெளிச்சம்.

கலைவேந்தன் திரும்பவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பச்சையப்பன் கையை இறக்கவில்லை. ஆனால் அவர் முகம் மாறியது.

"பெரியாளாயிட்டான்பா. பெரிய மனுசன நிக்க வைக்கிறான் பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கெத்துடா! புலின்னா அப்படித் தான்!" என்று இன்னொரு குரல் விசில் அடித்தது.

வைஜெயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரே வார்த்தை. 'வேந்தா, வலப்பக்கம்' என்று கத்தினால் போதும். கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்போது ராஜாமணி மேடை ஏறினாள்.

"குடுங்கண்ணே" என்று பச்சையப்பன் கையிலிருந்து பொன்னாடையை வாங்கினாள். மகனுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அவனுக்கு இடப்பக்கம் நின்று, தோளில் போர்த்தினாள். காலையில் இட்லி வைக்கப் போனாளே, அதே போல.

"இந்தப் பக்கம் வந்தாத் தான் அவனுக்குத் தெரியும்ண்ணே" என்றாள் பச்சையப்பனிடம், தாழ்ந்த குரலில்.

கலைவேந்தன் அம்மாவைப் பார்த்தான். வைஜெயந்தி மேடைக்கு ஓடிவந்துவிட்டாள்.

"எம்மா, உனக்கு..."

"சோறு போடறவளுக்குத் தெரியாதாடா? அந்தப் பக்கம் தண்ணி வச்சன், கையால தட்டி வுட்ட. இந்தப் பக்கம் வச்சன், எடுத்துக் குடிச்ச. அன்னிலேருந்து இந்தப் பக்கமே வைக்கிறன். நீயா சொல்லுவன்னு பாத்தன்."

"உன் தல மேல சத்தியம் வாங்கிட்டான்மா" என்றாள் வைஜெயந்தி.

"என் தலைக்கு ஒண்ணும் ஆவாது." ராஜாமணி பேனரின் கீழ் வரியைக் கை நீட்டிக் காட்டினாள். "இதுல எழுதிக்கீதே, அந்தப் புள்ளைக்கித் தான் ஆயிருக்கு. அவனுக்கும் வூட்ல ஒருத்தி சோறு போடுவா இல்ல?"

கலைவேந்தன் பேனரின் அடிப்பக்கத்தைப் பிடித்து, சாரக்கம்பில் காலை ஊன்றி, இழுத்தான். சிவப்பு எழுத்து குறுக்காகக் கிழிந்து கையோடு வந்தது.

பட்டாசு நின்றது. "இன்னாபா பண்ற?" என்று பதறினான் ராஜேஷ்.

கலைவேந்தன் செல்போனை எடுத்தான். குணாவின் எண்ணை அழுத்தியதில் ஸ்பீக்கரும் தட்டுப்பட்டுவிட்டது. மணி அடிப்பது தேரடி முழுக்கக் கேட்டது. எடுக்க மாட்டான் என்று வைஜெயந்தி நினைத்தாள். எடுத்துவிட்டான்.

"இன்னும் என்ன வேணுமுங்க உங்க ஊர்க்காரங்களுக்கு?" என்றது குணாவின் குரல். கோபமே இல்லை அதில். களைப்புத்தான் இருந்தது.

"குணா, நான் வேந்தன் பேசறன். தப்பு உன்னுது இல்ல. நீ என் வலப்பக்கம் சரியாத் தான் வந்த. எனக்கு வலப்பக்கம் தெரியாது. கண்ணு தெரியாது குணா. தெரிஞ்சிக்கினே தான் ஓட்டினன். நாளைக்கே வந்து நடுவருங்ககிட்ட சொல்லிடறன். ஞாயித்துக்கெழம நீ ஓட்டணும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

விசில் அடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்தான். பச்சையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். குச்சியைப் பிடித்திருந்த தேவேந்திரனுக்கு அதை இறக்கத் தோன்றவில்லை. லைவ் ஓடிக்கொண்டேயிருந்தது. திரையில் மேலேறிக்கொண்டிருந்த கமெண்டுகளுக்கு நடுவே டீம் முதலாளியின் பெயர் ஒரு தடவை தோன்றியதை அவன் பார்த்தான். என்ன எழுதியிருந்தார் என்று படிப்பதற்குள் அது மேலே போய்விட்டது.

"ஹலோ? குணா?" என்றான் கலைவேந்தன்.

ராஜாமணி மகனின் இடப்பக்கத்திலிருந்து நகர்ந்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுக்குத் தெரியாத அந்த வலப்பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்றுகொண்டாள்.